விழுந்தவருக்கு ரசிகர்கள் செய்யக்கூடியது

குதிரையிலிருந்து விழுந்து மூளையிலோ முதுகுத்தண்டிலோ அடிபட்ட வீரருக்கு ஆயிரம் பேர் வாழ்த்து அனுப்புகிறார்கள். அவற்றில் ஒன்றுகூட அறுந்த நரம்பிழையை ஒட்டவைக்காது. ஆனால் பின்னால் நிற்க ஆட்கள் உள்ள நோயாளி, யாருமற்ற நோயாளியைவிட நன்றாகத் தேறுகிறார் என்பதற்கும் சான்றுகள் குவிந்திருக்கின்றன. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்? அரியலூர் மாவட்டத்துத் திருமானூரில் இந்தக் கேள்விக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் இந்த ஊர்ப்பக்கம் குதிரை என்றால் அய்யனார் கோயில் வாசலில் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும் குதிரைதான். அதிலிருந்து யாரும் விழுந்ததில்லை. ஆனால் இங்கே வாடிவாசல் உண்டு. தை பிறந்தால் திருமானூரிலும் சுற்றுவட்டாரத்திலும் காளைகள் அவிழ்த்துவிடப்படுகின்றன. மாடுபிடி வீரர்கள் தூக்கி எறியப்படுகிறார்கள். தடுப்புக்கு வெளியே பெருங்கூட்டம் ஆரவாரிக்கிறது. கொம்பு கிழித்த காயம் குதிரையேற்றத்தில் இல்லாத ஒன்று. ஆனால் உயரத்திலிருந்து தலைகுப்புற விழுவது இரண்டு களத்துக்கும் பொது. அப்படி விழுந்தவர்களுக்கு நேர்ந்ததையும், அவர்களுடைய ரசிகர்கள் செய்ததையும் குதிரையேற்ற உலகம் அறுபது ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கிறது. நம் களங்களில் அப்படிப்பட்ட பதிவுகள் குறைவு. அதனால் அவர்களுடைய பதிவை எடுத்து நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் விழுவதன் கணக்கு. நடுத்தரக் குதிரையின் தோள் உயரம் சுமார் 1.6 மீட்டர். அதன்மேல் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். நின்ற குதிரையிலிருந்து அந்தத் தலை விழுந்தாலே தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர். வேலிகளைத் தாண்டி ஓடும் உயர்நிலைக் குதிரையேற்றப் போட்டியில் குதிரை நிமிடத்துக்கு 570 மீட்டர் ஓடவேண்டியிருக்கிறது. அது மணிக்கு 34 கிலோமீட்டர். பந்தயக் குதிரை அதைவிட வேகம். ஆனால் வேகத்தைவிட முக்கியமானது, அந்த வேகம் எத்தனை தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பது. 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் தலை, இறுகிய தரையில் 5 மில்லிமீட்டருக்குள் நின்றுபோனால் அதன்மேல் விழும் விசை புவியீர்ப்பைப்போல் சுமார் 500 மடங்கு. தலைக்கவசத்துக்குள் இருக்கும் நுரை 25 மில்லிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் அது 100 மடங்காகக் குறைகிறது. தலைக்கவசத்தின் முழு ரகசியமும் அந்த இரண்டு சென்டிமீட்டர்தான். ஜல்லிக்கட்டுக் களத்தில் தென்னைநார்க் கழிவைப் பரப்புவதற்கும் இதே இயற்பியல்தான் காரணம். குதிரையேற்றத்தில் இன்னொரு கொடுமை உண்டு: முன்னங்கால் வேலியில் மாட்டி, 500 கிலோவுக்கு மேற்பட்ட குதிரை கரணமடித்து, கீழே கிடப்பவர்மேலேயே விழுவது. 1999-இல் பிரிட்டனில் ஒரே ஆண்டில் ஐந்து வீரர்கள் இப்படிப்பட்ட போட்டிகளில் இறந்தார்கள். அதன் பிறகுதான், அடி பலமாக விழுந்தால் தானே உடைந்து வேலிக்கட்டையைக் கீழே இறக்கிவிடும் ஆணிகள் வந்தன.

மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மெத்தென்ற பொருள். மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது. தலை நேராக மோதி நிற்பதைவிடத் திருகிக்கொண்டு நிற்பது அதற்கு மோசமானது. வெளிப்பகுதி நின்றுவிட, உட்பகுதி இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். இடையில் ஓடும் நீண்ட நரம்பிழைகள் இழுபட்டுக் கிழிகின்றன. ஸ்கேனில் பெரிய ரத்தக்கட்டு எதுவும் தெரியாமலே ஒருவர் வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடப்பது இதனால்தான். அடிபட்ட கணத்தோடு சேதம் முடிவதுமில்லை. அடுத்த சில நாட்களில் மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்துகொடுக்காது என்பதால் உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நெரிபடுகிறது; முதல் அடியில் தப்பித்த செல்களும் சாகின்றன. மருந்து கொடுத்து நோயாளியை ஆழ்மயக்கத்தில் வைப்பது, பட்டினி கிடக்கும் மூளையின் தேவையைக் குறைப்பதற்காக. ரசிகர்கள் பதறித் துடிக்கும் அந்த முதல் வாரத்தில் அவர்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வார்டு வாசலில் கூடுவதால் நன்மையும் இல்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, லண்டன் மருத்துவமனையானாலும் சரி, அந்த நாட்கள் மருத்துவருக்கும் செவிலியருக்கும் உரியவை.

அதற்கும் முந்தைய முதல் இரண்டு நிமிடங்கள் மட்டும் கூட்டத்தின் கையில் இருக்கின்றன. அங்கேதான் அன்பு முதல் தவறைச் செய்கிறது. ஒருவர் விழுந்தவுடன் நாலு பேர் ஓடிவந்து கையொன்று காலொன்றாகத் தூக்கி, தலை தொங்கத் தொங்கக் கொண்டுபோகும் காட்சியை எந்த ஜல்லிக்கட்டுக் காணொளியிலும் பார்க்கலாம். கழுத்தெலும்பு முறிந்திருந்து, உள்ளே தண்டுவடம் இன்னும் தப்பியிருந்தால், அந்தத் தூக்கலே அதை நசுக்கிவிடக்கூடும். கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் எலும்புகளை ஒட்டிக் கிளம்பும் நரம்புகள்தான் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கு மேலே தண்டுவடம் அறுந்தால் சொந்தமாக மூச்சுவிட முடியாது. எனவே தலையையும் கழுத்தையும் இருந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, பலகை வரும்வரை காத்திருப்பதுதான் முதல் உதவி. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குப் போகும். காளை திரும்பிவந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. காளை அருகில் இருந்தால் அகற்றித்தான் ஆகவேண்டும். அப்போதும் கைகாலைப் பிடித்துத் தூக்காமல், தோள்களைப் பிடித்து, தலை இரண்டு முன்னங்கைகளுக்கு நடுவே தாங்கப்பட்டு, உடலின் நீளவாக்கில் இழுக்க வேண்டும். மாடுபிடி வீரருக்கு மருத்துவப் பரிசோதனை செய்து எண் போட்ட பனியன் கொடுக்கிற விழாக்குழுக்கள், களத்துக்குள் நிற்கும் இருபது தொண்டர்களுக்கு இதை ஒரு மாலைப்பொழுதில் பழக்கிவிட முடியும்.

உயிர் பிழைத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் நீண்ட கதை. செத்த நரம்புச்செல் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் எஞ்சிய மூளை தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும். எந்த நிபந்தனையில் என்பதை 1996-இல் ராண்டால்ஃப் நூடோவும் அவருடைய குழுவினரும் அணில் குரங்குகளில் காட்டினார்கள். கையசைவை ஆளும் மூளைப்பகுதியில் சிறு சேதம் உண்டாக்கிவிட்டுச் சும்மா விட்டபோது, சேதத்தைச் சுற்றியிருந்த நல்ல பகுதியும் கையைக் கைவிட்டது. சிறு குழிகளிலிருந்து உணவை எடுக்கும் பயிற்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்த குரங்குகளில் அந்தப் பகுதி கைக்கே மிஞ்சியது. சிலவற்றில் பக்கத்து இடத்தையும் பிடித்துக்கொண்டது. பயன்படுத்தாத அசைவை மூளை கைவிட்டுவிடுகிறது. ஆகவே மூளை அடிபட்டவரின் மறுவாழ்வு என்பது மருந்தைவிட மிகுதியும் திரும்பச் செய்தல்தான்: ஒரு டம்ளரை எடுத்து வைப்பதை ஒரு நாளைக்கு நூறு முறை, அடுத்த நாளும் நூறு முறை, ஆறு மாதம், இரண்டு வருடம். ஒருவர் தனியாக இதைச் செய்ய முடியாது. அலுப்பு வரும், கோபம் வரும், மூளையடியின் பின்விளைவாகவே சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும். பயிற்சி நின்றுபோனால் மீட்சியும் அங்கேயே நின்றுவிடும்.

சிக்கல் எங்கே என்பது இங்கேதான் தெரிகிறது. ரசிகர்களின் அக்கறை விழுந்த அன்று உச்சத்தில் இருக்கிறது. ஒரு வாரத்தில் பாதியாகிறது. அடுத்த பந்தயம் வந்ததும் கரைந்துவிடுகிறது. விழுந்தவரின் தேவையோ முதல் வாரத்தில் மருத்துவமனையால் நிறைவேற்றப்பட்டு, வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதத்திலிருந்துதான் ஏறத் தொடங்குகிறது. ரசிகர்களின் அன்பில் குறையில்லை. தேவை எழும் காலத்தில் அது இருப்பதில்லை, அவ்வளவுதான். நல்லதென்று தெரிந்த ஆதரவுகளையும் கெடுதலாய் முடிந்த ஆதரவுகளையும் அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலும் காலமும் வடிவமும்தான் அவற்றைப் பிரிக்கின்றன. உணர்ச்சியின் அளவு பிரிப்பதில்லை.

உறவுகளுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்புக்குப் பெரிய சான்று 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் குழுவினர் தொகுத்த ஆய்வு. 148 ஆய்வுகள், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள். வலுவான சமூக உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்றது அது. நோய் முற்றியவர்கள் நண்பர்களை இழப்பதும் உண்டே, எது காரணம் எது விளைவு என்று ஒருவர் கேட்டால் அந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. இப்படிப்பட்ட தொகுப்புகள் சேர்ந்து நிகழ்வதைக் காட்டும். காரணத்தை முழுதாக நிறுவாது. அதனால் சின்ன ஆய்வு ஒன்றை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1995-இல் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதிநோய் வந்த உறவினரை வீட்டில் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அந்தச் சுமையில்லாத ஒத்த வயதுப் பெண்கள் 13 பேருக்கும் தோலில் ஒரே அளவில் சிறு காயம் உண்டாக்கினார்கள். பராமரிப்பவர்களின் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. எண்ணிக்கை சிறியது. ஆனால் காயத்தின் அளவும் வயதும் ஒன்றாயிருக்க, தாமதம் எங்கே வந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நீடித்த மன அழுத்தம் அழற்சியையும் நோய் எதிர்ப்பையும் குலைக்கிறது என்ற உடலியலோடு அது பொருந்தியும் வருகிறது. இந்த ஆய்வில் நம் பேச்சுக்கு வேண்டிய செய்தி இன்னொன்று. இங்கே காயம் ஆறத் தாமதமானது நோயாளிக்கு அல்ல, அவரைப் பார்த்துக்கொண்டவருக்கு. படுக்கையில் இருக்கும் வீரருக்கு மாலையும் சால்வையும் போகின்றன. பக்கத்தில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும் மனைவியையும் அம்மாவையும் யார் கணக்கில் எடுக்கிறார்கள்? வீரரின் அடுத்த இரண்டு வருடப் பயிற்சி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கொடுக்கும் விதமும் முக்கியம். நியால் போல்ஜரும் அவருடைய கூட்டாளிகளும் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வழக்கறிஞர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தினக்குறிப்பு எழுதவைத்தது. துணைவர் உதவியதாகக் குறித்து, தேர்வு எழுதுபவர் அதைக் கவனிக்காத நாட்களில் மனச்சோர்வு குறைந்தது. தாங்கிப் பிடிக்கப்படுவதை எழுதுபவரே உணர்ந்த நாட்களில் அந்தப் பலன் இல்லை; சில அளவுகளில் மனநிலை மோசமடையவும் செய்தது. உதவி வாங்குவதே நம் பலவீனத்தை நமக்கு நினைவூட்டிவிடுகிறது. கட்அவுட்டும் பேனரும் வைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கசக்கும்.

பிரார்த்தனையைப் பற்றியும் பேசிவிட வேண்டும். ஏனெனில் நம் ஊர்களில் ரசிகர் ஆதரவின் முதல் வடிவமே அதுதான். அதையும் சோதித்திருக்கிறார்கள். ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் இதய மாற்றுவழி அறுவைசிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் இரண்டு குழுக்களுக்காகப் பிரார்த்தித்தார்கள். எந்தக் குழு என்று தெரியாதிருந்தவர்களில், பிரார்த்திக்கப்பட்டவர்களுக்கும் படாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் வந்தன. தெரியாமலே பிரார்த்திக்கப்பட்டவர்களில் அது 52. அந்தக் கூடுதல் தற்செயலாகவும் இருக்கலாம். இத்தனை பேர் பிரார்த்திக்கும் அளவுக்கு என் நிலை மோசமா என்ற பயமாகவும் இருக்கலாம். எப்படியானாலும், தொலைவிலிருந்து வரும் நினைப்பே உடலைத் தேற்றும் என்ற வாதத்துக்கு இந்த ஆய்வில் இடமில்லை. நம்பிக்கை உள்ளவரின் மன அமைதியை இது மறுக்கவில்லை. அந்நியர்களின் பிரார்த்தனையை மட்டுமே சோதித்தது. தன் சொந்தக் கோயிலில், சொந்தச் சாமியிடம் குடும்பம் வேண்டிக்கொள்வது அந்தக் குடும்பத்துக்குத் தெம்பு தரும் என்றால் அதில் அறிவியலுக்கு வழக்கு எதுவும் இல்லை. வேண்டிக்கொண்டதோடு கடமை முடிந்தது என்று ரசிகர் கலைந்துபோவதில்தான் வழக்கு.

குதிரையிலிருந்து விழுந்தவர்களில் உலகம் முழுக்க அறியப்பட்டவர் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ். திரையில் சூப்பர்மேனாகப் பறந்தவர். 1995 மே 27 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த போட்டியில் குதிரை வேலியின் முன் நின்றுவிட, தலைகுப்புற விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தார், மூளை தப்பியது. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் போயின. மூச்சுக்கும் இயந்திரம் தேவைப்பட்டது. முன்பின் அறியாதவர்களிடமிருந்து வந்து குவிந்த கடிதங்களை அவருடைய மனைவி டேனா ரீவ் பின்னர் தொகுத்து 1999-இல் நூலாகவே வெளியிட்டார். அந்தக் கடிதங்கள் தண்டுவடத்தை ஒட்டவைக்கவில்லை. வாழவே வேண்டுமா என்று யோசித்ததாகத் தாமே சொன்ன ஒருவருக்குத் தினமும் பல மணி நேரப் பயிற்சியைத் தொடர ஒரு காரணமாக அவை இருந்தன என்றால் அது சிறிய உதவியல்ல. ஐந்து ஆண்டுகள் கழித்து, மருத்துவர்கள் எதிர்பாராத நிலையில், அவருடைய ஆள்காட்டி விரல் அவர் சொன்னபடி அசைந்தது. ஆனால் அதே ஆதரவின் மறுபக்கமும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஐம்பது வயதுக்குள் நடப்பேன் என்றார், உலகம் கைதட்டியது. 2000-இல் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் கணினி உதவியால் அவர் எழுந்து நடப்பதாகவே காட்டியது. சிகிச்சை வந்துவிட்டது என்று நம்பி ஏமாந்த நோயாளிகள் உண்டு. சக்கர நாற்காலியில் வாழும் வாழ்க்கை ஏதோ தற்காலிகத் தோல்வி என்பதுபோல் காட்டுகிறார்களே என்று கண்டித்த மாற்றுத்திறனாளிகளும் உண்டு. 2004-இல், நடக்காமலே, அவர் இறந்தார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை தண்டுவட ஆராய்ச்சிக்கும் நோயாளிகளின் அன்றாட வாழ்வுக்கும் இன்றுவரை பணம் தருகிறது. ரசிகர்கள் கொடுத்த கைதட்டல் நிலைக்கவில்லை, பணம் நிலைத்தது என்று சொன்னால் கடுமையாக இருக்கும். ஆனால் அப்படித்தான் நடந்தது.

இதற்கு எதிர்வாதம் தயாராகவே இருக்கும். ரசிகர் கூட்டத்தின் எதிர்பார்ப்புதானே வீரரை மீண்டும் எழுப்புகிறது? பிரிட்டனின் குதிரையேற்ற வீராங்கனை லாரா கோலெட்டைக் காட்டுவார்கள். 2013-இல் குதிரை அவர்மேல் விழுந்தது. ஆறு நாள் ஆழ்மயக்கம். கல்லீரல் கிழிந்தது, நுரையீரல் துளைபட்டது, வலக்கண்ணின் பார்வை போயிற்று. அவர் டோக்கியோவிலும் பாரிஸிலும் அணியோடு ஒலிம்பிக் தங்கம் வென்றார். பாரிஸில் தனிநபர் வெண்கலமும் சேர்த்து. மறுக்க முடியாத சாதனை. ஆனால் திரும்பி வந்தவரைத்தான் நாம் மேடையில் பார்க்கிறோம். அதே அளவு மன உறுதியோடு முயன்றும் திரும்பி வராதவர்களின் படம் எங்கும் அச்சாவதில்லை. வென்றவரை மட்டும் எண்ணிக் கணக்குப் போட்டால் எந்த மூடத்தனமும் சரியாகத்தான் தெரியும். அதோடு, மூளை அதிர்ச்சி விஷயத்தில் சீக்கிரம் திரும்புவது வீரமே அல்ல. அதிர்ந்த மூளை பல நாட்களுக்கு ஆற்றல் நெருக்கடியில் இருக்கிறது. அது தீருமுன் இரண்டாவது அடி விழுந்தால், சிறிய அடியாக இருந்தாலும், இளம் வீரர்களில் அரிதாக உயிரைப் பறிக்கும் வீக்கம் உண்டாகலாம். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த நடைமுறை எளிது: அடிபட்டவர் அன்று களத்துக்குத் திரும்பக்கூடாது, ஓரிரு நாள் ஓய்வு, பின் லேசான நடை, பின் படிப்படியாகப் பயிற்சி, மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகே போட்டி. பிரிட்டிஷ் குதிரைப் பந்தயத்தில் மருத்துவச் சான்று இல்லாமல் அடிபட்ட ஜாக்கி சேணத்தில் ஏற முடியாது. நம் களத்தில் என்ன நடக்கிறது? தூக்கி எறியப்பட்டு, தள்ளாடி எழுந்து, தலையை உலுக்கிக்கொண்டு மறுபடி திமிலைப் பிடிக்கப் போகிறவருக்குத்தான் விசில் அதிகம். அந்த விசிலை அடக்கிக்கொள்வது ரசிகரால் செய்யக்கூடிய மருத்துவ உதவிகளில் மிக மலிவானது.

மரபு என்ற எதிர்வாதத்துக்கும் குதிரையேற்றத்தில் பதில் இருக்கிறது. குதிரையை நடனம்போல் நடத்திக் காட்டும் பிரிவில் உயர்நிலை வீரர்கள் நீண்ட காலமாகக் கறுப்புப் பட்டுத் தொப்பிதான் அணிந்தார்கள். தலைக்கவசம் அந்தக் கலையின் அழகைக் கெடுக்கும் என்றார்கள். 2010 மார்ச் மாதம் அமெரிக்காவின் ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, ஃப்ளோரிடாவில் சாதாரணப் பயிற்சியின்போது, குதிரை தன் காலிலேயே இடறி விழ, தலைக்கவசம் இல்லாமல் தரையில் மோதினார். மண்டையோடு பிளந்து ஏறக்குறைய ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். பேச்சும் சமநிலையும் பழையபடி திரும்பவில்லை. அவருடைய ரசிகர்களும் சக வீரர்களும் மலர்ச்செண்டு அனுப்புவதோடு நிற்காமல் தலைக்கவசத்துக்காக ஓர் இயக்கமே தொடங்கினார்கள். தேறியதும் அவரே அதன் குரலானார். 2011-இல் அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பு விதியை மாற்றத் தொடங்கியது. 2021 தொடக்கத்திலிருந்து சர்வதேசப் போட்டிகள் அனைத்திலும் தலைக்கவசம் கட்டாயம். பட்டுத் தொப்பி போனதால் குதிரை நடப்பதை நிறுத்திவிடவில்லை. ஒரு வீரரின் விழுகையை அடுத்த ஆயிரம் பேருக்கான காப்பாக மாற்றிய ரசிகர் ஆதரவு இது. நான் அறிந்தவற்றில் இதையே மிகச் சிறந்ததாகச் சொல்வேன். ஜல்லிக்கட்டும் மாறாத மரபு அல்ல. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இரட்டைத் தடுப்பு, மருத்துவக் குழு, வீரர்களுக்குப் பரிசோதனை என்று எவ்வளவோ சேர்ந்திருக்கின்றன. 2023-இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டை அனுமதித்தபோதும் விதிகளோடுதான் அனுமதித்தது. தலைக்கவசம் அணிந்து காளையை அணைக்க முடியுமா, பார்வை மறைக்குமா, கொம்பு மாட்டிக்கொள்ளுமா என்பவை சோதித்துத்தான் தீர்க்க வேண்டியவை. ஆனால் தலையில் அடிபட்டவரை அந்தச் சுற்றோடு வெளியே எடுப்பதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை.

பணக்கார நாட்டுக் கதைகளை இங்கே பேசி என்ன பயன் என்பது கடைசி மறுப்பு. பிரிட்டிஷ் கதையின் தொடக்கம் அவ்வளவு பணக்காரத்தனமானது அல்ல. 1963 டிசம்பரில் டிம் புரூக்ஷா என்ற ஜாக்கி விழுந்து முதுகு முறிந்தார். 1964-இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் பேடி ஃபாரெல் விழுந்து முதுகு முறிந்தார். கூலிக்கு ஓட்டுகிறவர்கள், ஓட்டாவிட்டால் கூலி இல்லை. பந்தய ரசிகர்கள் அந்த இருவருக்காகத் திரட்டிய பணத்திலிருந்து அடிபட்ட ஜாக்கிகளுக்கான நிதி ஒன்று பிறந்தது. அறுபது ஆண்டுகளில் அது பல நூறு குடும்பங்களைத் தாங்கி, லாம்போர்ன், மால்டன், நியூமார்க்கெட் ஆகிய ஊர்களில் சொந்த மறுவாழ்வு மையங்களையும் கட்டிவிட்டது. தமிழகத்தில் இதற்கு ஈடான வரலாறு இல்லையென்றும் சொல்ல முடியாது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது பெங்களூரில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் தொடங்கிய அந்த மையம் இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய மறுவாழ்வு நிறுவனம். 2020-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. வேலூரில் 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவைசிகிச்சை செய்தார். 1966-இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையத்துக்கு வித்திட்டார். இருவருக்கும் முதல் வாரத்துக் கூட்டத்தைவிட, வருடக்கணக்கில் விட்டுப்போகாத சிலரே உதவியிருக்கிறார்கள்.

அரசு தன் பங்குக்குச் சில பாதைகளைப் போட்டிருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீடு தேடி வருகிறார். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆக, முதல் 48 மணி நேரத்தை மருத்துவமும் அரசும் ஓரளவு பார்த்துக்கொள்கின்றன. 48-ஆவது வாரம்தான் இன்னும் ஆளில்லாமல் கிடக்கிறது. சிகிச்சையாளர் காட்டிக்கொடுத்துவிட்டுப் போன அசைவுகளை அவர் அடுத்து வரும்வரை தினமும் செய்யவைக்க ஒருவர் வேண்டும். வீரரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் நாளில் கூலியை இழக்கும் உறவினருக்கு அந்தக் கூலியை யாரேனும் கொடுக்க வேண்டும். அம்மா ஒரு மதியம் தூங்க, பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். இவற்றில் எதற்கும் மருத்துவப் படிப்பு தேவையில்லை. பெரும் பணமும் தேவையில்லை. திருமானூர் வட்டாரத்தில் இந்த ஆண்டு ஜல்லிக்கட்டு நடத்தப்போகும் விழாக்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: பரிசாகக் கொடுக்கும் வண்டிகளில் ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்தை அந்தக் களத்தில் அடிபடுகிறவரின் குடும்பத்துக்கு ஒரு வருடம் மாதாமாதம் போய்ச்சேரும்படி வங்கியில் போட்டுவையுங்கள்; கொடுத்தது யார் என்று மேடையில் அறிவிக்காதீர்கள்.